காளைக்கு ஐந்து நாள், காருக்கு எத்தனை நாள்?

பி.காம். படிக்கிறவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்கிற ஒரு லத்தீன் சொற்றொடர் இருக்கிறது: கேவியட் எம்ப்டார். வாங்குகிறவனே, நீதான் உஷாராக இருக்க வேண்டும் என்று அர்த்தம். வணிகச் சட்டப் பரீட்சையில் சும்மா எழுதினால் 5 மார்க், விதிவிலக்குகளோடு எழுதினால் 10 மார்க். எழுதிவிட்டு வந்து மறந்துவிடுவோம். நானும் மறந்துதான் இருந்தேன். ஒரு கிளட்ச் வந்து ஞாபகப்படுத்தியது.

நாங்கள் இருப்பது திருவதிகை. எங்கள் பெரியப்பா மகன், அண்ணன், இருப்பது நெய்வேலி டவுன்ஷிப். அவர் பக்கத்து ஊர் டீலர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்ட் கார் ஒன்று வாங்கினார். ஊர் பெயரும் கடை பெயரும் இங்கே வேண்டாம். 6 மாத வாரண்டி என்று அழகான அட்டை போட்ட புத்தகம் ஒன்றும் கொடுத்தார்கள். 38-ஆவது நாள், கடலூர் போய்விட்டுத் திரும்பி வரும்போது, ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் போய்விட்டது. போன் செய்தால் டீலர் சொன்ன பதில் இது: "வாரண்டி இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும்தான் சார். கிளட்ச் தேய்மானப் பொருள், அது நீங்க ஓட்டுற விதத்தைப் பொறுத்தது."

கிளட்ச் உட்கார்ந்திருப்பது இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில். இரண்டுக்கும் வாரண்டி உண்டு, நடுவில் இருப்பதற்கு மட்டும் கிடையாது என்றால் கேட்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் டீலர் சொல்வதில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இந்தச் சண்டையின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். தேடத் தேட, எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் சண்டை இரண்டே கேள்விகளில் வந்து நிற்கிறது. ஒன்று, குறையைக் கண்டுபிடிக்க வாங்கியவனுக்கு எத்தனை நாள்? இரண்டு, அந்தக் குறை விற்கும்போதே இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது யார்?

முதலில் மாட்டுக்குப் போவோம். கார் வருவதற்கு முன்னால் மனிதன் வாங்கிய வண்டி அதுதானே.

நம் பக்கத்து மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. வாங்குகிறவர் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று பார்த்தால் வயது தெரிந்துவிடும். ஓடோமீட்டரைப் பின்னால் திருப்பலாம், மாட்டின் பல்லைத் திருப்ப முடியாது. சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், ஏரில் பூட்டிப் பார்க்கவும் கேட்பார். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று சொல்கிறோமே, அதன் மறுபக்கம் என்ன? காசு கொடுத்து வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆனால் பல்லில் தெரியாத குறைகள் உண்டு. பத்து நிமிஷம் நன்றாக நடக்கும் காளை பாரம் ஏற்றினால் படுத்துக்கொள்ளும். இதை நம் நாட்டுப் பழைய சட்ட நூல்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தன. யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்க்க நாள் கணக்கே கொடுத்திருக்கிறது. விதைக்கு 10 நாள், இரும்புக்கு 1 நாள், ரத்தினத்துக்கு 7 நாள், கறவை மாட்டுக்கு 3 நாள், பாரம் சுமக்கும் மாட்டுக்கு 5 நாள். (அதே பட்டியலில் ஆண் அடிமைக்கு அரை மாதம், பெண் அடிமைக்கு ஒரு மாதம் என்றும் இருக்கிறது. மனிதனையும் மாட்டோடு சேர்த்து வரிசைப்படுத்திய காலம். படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.) முளைக்கிறதா என்று பார்க்க விதைக்கு 10 நாள் வேண்டும், தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் இரும்புக்கு ஒரு நாள் போதும். ஒவ்வொரு பொருளின் குறையும் வெளியே தெரிய எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்து வைத்த கணக்கு இது. கிளட்ச்சுக்கு எத்தனை நாள் போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன் :-)

நாரத ஸ்மிருதி இன்னும் வியாபார புத்தியோடு இருக்கிறது. வாங்கியது பிடிக்கவில்லை என்றால் அன்றே திருப்பிக் கொடுக்கலாம். இரண்டாம் நாள் கொடுத்தால் விலையில் 30-ல் ஒரு பங்கு கழிவு, மூன்றாம் நாள் அதைப்போல் இரண்டு மடங்கு கழிவு, அதற்கு மேல் பொருள் உன்னுடையது. இன்றைக்கு ஆன்லைன் கடைகள் "ரிட்டர்ன் கட்டணம்" என்று பிடிப்பது புதுசு ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். எங்கள் ஊர் வீரட்டானேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் கல்வெட்டு எழுத்துகளைப் பார்த்தபடியே பிராகாரம் சுற்றுவார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் பொதுவாக வருகிற ஒரு வாசகம் "சாவா மூவாப் பேராடு". கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு அல்லது 90 ஆடு என்று தானம் கொடுப்பார்கள். அந்த ஆட்டை வாங்கிக்கொள்ளும் இடையர் நெய் அளந்துகொண்டே இருக்க வேண்டும். ஆடு சாகலாம், கிழடாகலாம், ஆனால் கணக்கில் சாகாது, மூக்காது; குறைந்ததை அவரே ஈடு கட்ட வேண்டும். இது விற்பனை இல்லை, தானம்தான். ஆனாலும் ஒரு காமர்ஸ் மாணவன் கண்ணில் இதைவிடப் பெரிய ஆயுள்கால வாரண்டி பட்டதில்லை. பொருள் கெட்டால் நஷ்டம் யாருக்கு என்பதை முன்கூட்டியே கல்லில் வெட்டிவைத்துவிட்டார்கள். சின்ன எழுத்தில் இல்லை, எல்லோரும் பார்க்கிற சுவரில்!

ரோமாபுரியிலும் இதே கதைதான். சந்தையைக் கண்காணித்த அதிகாரிகளின் ஆணைப்படி, அடிமையையும் கால்நடையையும் விற்கிறவன் நோயையும் குறையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விற்றால் வாங்கியவன் 6 மாதத்துக்குள் வியாபாரத்தையே ரத்து செய்யலாம், அல்லது ஒரு வருஷத்துக்குள் விலைக் குறைப்புக் கேட்கலாம். "எனக்கே தெரியாதுங்க" என்று விற்றவன் தப்பிக்க முடியாது. சொற்றொடர் லத்தீனில் இருப்பதால் கேவியட் எம்ப்டார் ரோமானியர் கொடுத்த கொள்கை என்று நினைத்துக்கொள்கிறோம். ரோமானியச் சந்தை நடந்தது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறாக.

அந்தக் கொள்கையை ஊட்டி வளர்த்தது இங்கிலாந்து. 1603-ல் ஒரு வழக்கு: சாண்டலர் எதிர் லோபஸ். ஒரு பொற்கொல்லர் ஒரு கல்லை பெசோவர் கல் (விலங்கு வயிற்றில் கிடைக்கும், விஷத்தை முறிக்கும் என்று நம்பப்பட்ட கல்) என்று சொல்லி 100 பவுண்டுக்கு விற்றார். அது பெசோவர் இல்லை. நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? அவர் பெசோவர் என்று சொன்னார், சரி. ஆனால் "இதற்கு நான் வாரண்ட் கொடுக்கிறேன்" என்று சொல்லவில்லையே! வாயால் புகழ்வது வேறு, உறுதி கொடுப்பது வேறு. "சூப்பர் கண்டிஷன் சார், சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி" என்று நம்மிடம் சொல்கிறார்களே, அந்தப் பேச்சுக்கு 400 வருஷப் பாரம்பரியம் இருக்கிறது.

இது மாறியது தொழிற்சாலைகள் வந்த பிறகு. சந்தையில் மாட்டைப் பார்த்து வாங்கலாம். கப்பலில் வருகிற மூட்டையை எப்படிப் பார்த்து வாங்குவது? 1815-ல் கார்டினர் எதிர் கிரே வழக்கில் பட்டுக் கழிவு மூட்டைகள் எதற்கும் உதவாத நிலையில் வந்து சேர்ந்தன. குப்பையில் கொட்டுவதற்காக யாரும் காசு கொடுத்துச் சரக்கு வாங்குவதில்லை, அந்தப் பெயரில் விற்கத்தக்க தரமாவது இருக்க வேண்டும் என்றார் எல்லன்பரோ பிரபு. 1829-ல் ஜோன்ஸ் எதிர் பிரைட். கப்பலின் அடிப்புறத்துக்கு அடித்த செப்புத் தகடு, வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியது, சில மாதங்களிலேயே அரித்துப் போனது. எதற்காக வாங்குகிறான் என்று தெரிந்தே விற்றால் அந்த வேலைக்குப் பொருந்தும் என்று உறுதி கொடுத்ததாகவே அர்த்தம் என்று தீர்ப்பு வந்தது. இவற்றையெல்லாம் திரட்டி 1893-ல் அங்கே சரக்கு விற்பனைச் சட்டம் வந்தது. இங்கே 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்திலேயே ஓர் அத்தியாயமாக இருந்த விற்பனை விதிகளை எடுத்துவிட்டு, ஆங்கிலச் சட்டத்தை அடியொற்றி, 1930 ஜூலை 1 முதல் நம் சரக்கு விற்பனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாம் பரீட்சைக்குப் படிக்கும் அதே சட்டம்.

அண்ணன் காருக்கு இதில் முக்கியமானது 16-ஆவது பிரிவு. அந்த வகைச் சரக்கில் வியாபாரம் செய்கிறவரிடம் வாங்கினால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்கும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, டீலரிடம் வாங்கினால்தான் இது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போகும்போது விற்கும் காருக்கு இது பொருந்தாது. அங்கே பழைய கேவியட் எம்ப்டார்தான். இரண்டு, வாங்குகிறவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு டீலர் பொறுப்பில்லை. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனீர்களா? அப்படியென்றால் அவர் பார்த்திருக்க வேண்டியது உங்கள் பாடு. மூன்று, 62-ஆவது பிரிவின்படி இந்த நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி நீக்கிவிடலாம். டீலர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள், நீக்கியிருப்பார்.

சரி, இந்த நிபந்தனை மீறப்பட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள்? சட்டம் சொல்வது "நியாயமான காலம்". அந்தக் காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டால் பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும், பிறகு நஷ்ட ஈடு மட்டும்தான் கேட்கலாம். எது நியாயமான காலம் என்பது ஒவ்வொரு வழக்கின் நிலவரத்தைப் பொறுத்தது. அதாவது கோர்ட்டுக்குப் போனால்தான் தெரியும். யாக்ஞவல்கியர் காளைக்கு 5 நாள் என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார், 1930-ஆம் வருஷச் சட்டம் காருக்கு எண் எதுவும் சொல்லவில்லை!

இப்போது நேரடியாகக் கிளட்ச்சுக்கே வருவோம். சட்டப் புத்தகங்களில் புகழ்பெற்ற ஒரு கிளட்ச் இருக்கிறது. 1965, இங்கிலாந்து, பார்ட்லெட் எதிர் சிட்னி மார்க்கஸ். ஒருவர் பழைய ஜாகுவார் கார் ஒன்றை டீலரிடம் வாங்குகிறார். டீலர் மறைக்கவில்லை. கிளட்ச்சில் சின்னப் பிரச்சினை இருக்கிறது, நாங்களே சரி செய்து தந்தால் ஒரு விலை, நீங்களே பார்த்துக்கொண்டால் 25 பவுண்டு குறைவு என்கிறார். வாங்கியவர் 25 பவுண்டைக் குறைத்துக்கொண்டு எடுத்துப் போகிறார். நாமும் அதைத்தான் செய்திருப்போம்! சுமார் 300 மைல் ஓட்டிய பிறகு பிரித்துப் பார்த்தால் கோளாறு நினைத்ததைவிடப் பெரிது, செலவு 84 பவுண்டு. வழக்கு. கீழ் நீதிமன்றத்தில் வாங்கியவர் ஜெயித்தார், மேல்முறையீட்டில் டென்னிங் பிரபு மாற்றிவிட்டார். பழைய கார் வாங்குகிறவர் இன்றோ நாளையோ ஏதாவது குறை தலைகாட்டும் என்று எதிர்பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஓட்டத்தக்க நிலையில் இருந்தால் போதும், குறையே இல்லாமல் இருக்க வேண்டியதில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். கிளட்ச் பற்றி முன்பே சொல்லியும் ஆயிற்று.

உலகம் முழுக்க டீலர்களுக்குப் பிடித்த தீர்ப்பு இது. ஆனால் அதே டென்னிங் பிரபு சுமார் பத்து வருஷம் கழித்து இன்னொரு பழைய ஜாகுவார் வழக்கில் வாங்கியவர் பக்கம் நின்றார். குரோதர் எதிர் ஷேனன் மோட்டார். ஓடோமீட்டரில் 82,000 மைலுக்கு மேல் காட்டிய வண்டி. வாங்கி மூன்று வாரத்தில், 2,300 மைல் சொச்சம் ஓடியபோது இஞ்சின் பிடித்துக்கொண்டது. முந்தைய சொந்தக்காரரே வந்து, நான் விற்கும்போதே இஞ்சின் ஓய்ந்துபோய்த்தான் இருந்தது என்று சாட்சி சொன்னார். சீக்கிரம் கெட்டது என்பதே, விற்கும்போது சரியில்லை என்பதற்கு ஓர் அடையாளம் என்று கோர்ட் ஏற்றது. இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் குறையை முன்னமே சொல்லிவிட்டார்கள், இன்னொன்றில் சொல்லவில்லை. அதோடு, இரண்டாவதில் பழைய ஓனர் வந்து சாட்சி சொல்லியிருக்காவிட்டால்? நிரூபிக்கிற பாரம் அப்படியே வாங்கியவர் தலையில்தான் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பொருளாதாரக்காரரைக் கூப்பிட வேண்டும். ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-ல் எழுதிய "எலுமிச்சைகளின் சந்தை" கட்டுரை (அமெரிக்காவில் சொத்தைக் காரை எலுமிச்சை என்பார்கள்). விற்பவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் கொடுப்பான். நல்ல வண்டிக்காரன் இந்த விலைக்கு விற்க மாட்டேன் என்று ஒதுங்குவான். சந்தையில் சொத்தைகளே மிஞ்சும். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை இது, 2001-ல் அவருக்கு நோபல் கிடைக்கக் காரணமாயிற்று. இதை வெளியிடுவதற்கு முன் அவர் 1967-68-ல் இந்தியாவில் இருந்தார். கடை அரிசியில் அதே நிறத்தில் அதே வடிவில் வேண்டுமென்றே கலந்த கல்லை இந்தியக் குடும்பப் பெண்கள் பொறுக்குவதையும் கட்டுரையில் ஓர் உதாரணமாக எழுதியிருக்கிறார். நம் அம்மாக்கள் முறத்தில் புடைத்தது பொருளாதாரக் கோட்பாட்டில் ஏறிவிட்டது! இந்தச் சிக்கலுக்கு அவர் சொல்லும் மருந்துகளில் ஒன்றுதான் வாரண்டி. குறை வந்தால் நஷ்டம் எனக்கு என்று விற்பவன் சொன்னால் அவன் வண்டி நல்ல வண்டி என்று நம்பலாம்.

ஆனால் காரில் அச்சடித்த வாரண்டி எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. 1955 மே மாதம் அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் ஒருவர் அன்னையர் தினப் பரிசாக மனைவிக்குப் புது பிளிமத் கார் வாங்கினார். பத்தே நாளில், 468 மைலில், ஸ்டியரிங் கையை விட்டுப் போய்ச் சுவரில் மோதியது. கார் கம்பெனிகள் எல்லாம் அப்போது ஒரே மாதிரி வாரண்டி போட்டுவைத்திருந்தன: 90 நாள் அல்லது 4,000 மைல், கெட்ட உதிரிபாகத்தை மாற்றித் தருவோம், வேறு எந்தப் பொறுப்பும் கிடையாது. வாரண்டி என்ற பெயரில், சட்டம் கொடுத்த உரிமையை எடுத்துக்கொள்ளும் காகிதம். 1960-ல் ஹென்னிங்சன் வழக்கில் நியூஜெர்ஸி உச்ச நீதிமன்றம் அந்த வாசகம் செல்லாது என்றது. நம் உச்ச நீதிமன்றம் 2006-ல் ஒரு மாருதி வழக்கில், வாரண்டி குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதாகச் சொல்லும்போது முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. அதோடு நிற்காமல் வாங்கியவருக்கு நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னது.

1984-ல் ஏகபோக வணிகத் தடைச் சட்டத்தைத் திருத்தி "நேர்மையற்ற வணிக முறை" என்ற கருத்தைக் கொண்டுவந்தார்கள். 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை எடுத்துக்கொண்டது, 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் வருஷச் சட்டம் அதை இன்னும் நீட்டியது. இதில் இரண்டு வரிகள் அண்ணன் வழக்குக்குப் பொன் போன்றவை.

முதலாவது, குறையுள்ள பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ள மறுப்பதே நேர்மையற்ற வணிக முறை. ரசீதில் காலம் குறிப்பிட்டிருந்தால் அந்தக் காலத்துக்குள். குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள். ஆக ஸ்மிருதிக் காலத்துக்குப் பிறகு ஒருவழியாக மறுபடியும் ஓர் எண் வந்துவிட்டது! அண்ணனுடைய கிளட்ச் 38-ஆவது நாள் போனது என்பது வேறு விஷயம். ஆனால் டீலர் கொடுத்த காகிதத்தில் 6 மாதம் என்று இருக்கிறதே, கிளட்ச் அதற்குள் வருமா என்றுதான் வாதாட வேண்டியிருந்தது.

இரண்டாவது வரி இன்னும் ருசியானது. போதுமான சோதனை செய்யாமல் பொருளின் செயல்திறனுக்கு உத்தரவாதம் கொடுப்பதும் நேர்மையற்ற வணிக முறை. சோதனை செய்துதான் கொடுத்தேன் என்று டீலர் சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியது டீலரே. "இத்தனை பாயின்ட் செக் செய்த சர்ட்டிஃபைடு வண்டி" என்று போர்டு வைக்கிறார்கள் இல்லையா? அந்த செக் லிஸ்ட்டைக் கொடுங்கள், கிளட்ச்சுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம் என்று கேட்கலாம். நிரூபிக்கும் பாரம் வாங்கியவர் தலையிலிருந்து கொஞ்சம் இறங்குகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். விளம்பரத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இனி கிளட்ச்சின் சாட்சியம். கிளட்ச் பிளேட் என்பது இஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் நசுங்கிச் சுற்றுகிற ஒரு வட்டத் தகடு. இரண்டு பக்கமும் உரசும் லைனிங் ஒட்டி ரிவெட் அடித்திருப்பார்கள். பெடலை மிதித்தால் விடுபடும், விட்டால் கவ்வும். பலாப்பழ சீசனில் பண்ருட்டிக் கடைத்தெருவில் அரை கிளட்ச்சிலேயே வண்டியை உருட்டினால் அந்த லைனிங் தேயத்தான் செய்யும். எனவே "ஓட்டுற விதம்" என்பது வெறும் சாக்கு இல்லை. ஆனால் எல்லாக் கிளட்ச்சும் தேய்ந்து சாவதில்லை. கழற்றிய பிளேட்டைப் பார்த்தால் கதை தெரியும். லைனிங் ரிவெட் தலை வரைக்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது நெடுநாள் தேய்மானம். 38 நாளில் புதிய லைனிங்கைச் சாதாரண ஓட்டத்தில் அப்படித் தேய்க்க முடியாது, ஆகவே விற்கும்போதே பெரும்பகுதி தேய்ந்திருக்கிறது. லைனிங் கனமாக இருந்தும் துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தாலோ, பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல் உடைந்திருந்தாலோ, அது ஓட்டுநர் தேய்த்தது என்று சொல்வது கஷ்டம். பிளேட்டில் எண்ணெய் படிந்திருந்தால் இஞ்சின் பின்பக்க சீல் கசிகிறது என்று பொருள். அப்போது நோய் இஞ்சினில், சாவு கிளட்ச்சுக்கு; இஞ்சினுக்கு வாரண்டி உண்டு! ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்பு இருந்தால் நிறைய வழுக்கியிருக்கிறது, அதை யார் வழுக்கவிட்டார்கள் என்ற கேள்வி திறந்தே இருக்கும்.

அண்ணன் பிளேட்டை வாங்கி வைத்திருந்தார். நிறையப் பேர் புது செட் போட்டதும் பழையதை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். மாலைக்குள் அது பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும், வழக்கும் கூடவே போய்விடும். நுகர்வோர் ஆணையம் தேவைப்பட்டால் பொருளை ஆய்வுக்கு அனுப்பச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, ஆனால் அனுப்ப ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே. அவருடைய பிளேட்டில் ஒரு பக்கம் எண்ணெய். போட்டோ எடுத்து, மெக்கானிக்கிடம் கையெழுத்துப் போட்ட சீட்டு வாங்கி, ரசீதோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் டீலருக்கு நோட்டீஸ் அனுப்பினோம் (வரைவு எழுதியது நான், முதல் கட்சிக்காரர் அண்ணன், ஃபீஸ் ஒரு பிரியாணி). பதில் இரண்டு வாரம் இல்லை. பிறகு போன் வந்தது. ஆயில் சீலும் கூலியும் அவர்கள் செலவு, கிளட்ச் செட் விலை அண்ணன் செலவு என்று முடிந்தது. முழுதும் கேட்டிருக்கலாம் என்பது என் கருத்து. அண்ணனுக்கு ஷிஃப்டுக்குப் போக வண்டி வேண்டியிருந்தது.

ஆணையத்துக்கே போயிருந்தால்? 2019-ஆம் வருஷச் சட்டத்தில் ஒரு நல்ல மாற்றம், புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். வண்டியைப் புதுச்சேரியில் வாங்கியிருந்தாலும் கடலூர் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருஷம் அவகாசம். வாடகைக்கு ஓட்டுகிறவர் நுகர்வோர் ஆவாரா என்று கேட்பார்கள். கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட 1995-ஆம் வருஷ வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிற ஆட்டோக்காரரும் நுகர்வோர்தான் என்று விளக்கியிருக்கிறது.

எனக்குக் குறையாகத் தெரிவது அந்த இரண்டாவது கேள்விதான். இங்கிலாந்தில் 2015-ஆம் வருஷச் சட்டப்படி, குறையுள்ள வண்டியை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அதற்குப் பிறகும், 6 மாதத்துக்குள் வெளிப்படும் குறையைச் சரி செய்து தரச் சொல்லிக் கேட்டால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று டீலர் நிரூபிக்க வேண்டும். டென்னிங் பிரபுவின் ஊரே மாறிவிட்டது. நம்மிடம் 30 நாள் வந்துவிட்டது, அந்த 6 மாதம் வரவில்லை. தேய்மானப் பாகங்களுக்கு 6 மாதம் அதிகம் என்று டீலர்கள் சொல்லலாம். சரி, யாக்ஞவல்கியர் மாதிரி பாகத்துக்கு ஒரு கணக்குப் போடட்டுமே! பாட்டரிக்கு இத்தனை நாள், கிளட்ச்சுக்கு இத்தனை நாள், இஞ்சினுக்கு இத்தனை நாள் என்று.

2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழைய வண்டி டீலர்களுக்கென்று தனி விதிகள் சேர்த்தார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. டீலர் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், வண்டி கைக்கு வந்ததைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், வண்டியை வெளியே எடுத்தால் பயணப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆர்.சி. பெயர் மாறாமல் விபத்து நடந்தால் யார் தலையில் விழும் என்ற சிக்கலுக்கு நல்ல தீர்வு. உரிமை, பொறுப்பு எல்லாம் தெளிவு. அமெரிக்காவில் 1985 முதல் ஒவ்வொரு பழைய கார் கண்ணாடியிலும் டீலர் ஒரு தாள் ஒட்டியாக வேண்டும். வாரண்டி உண்டா அல்லது "இருக்கிறபடி" விற்பனையா என்று பெரிய எழுத்தில் முன்பக்கம், வண்டியில் எந்தெந்த அமைப்பில் என்னென்ன கோளாறு வரலாம் என்ற பட்டியல் இன்னொரு பக்கம். நம் ஊர் டீலர் கடைகளில் நான் பார்த்த கண்ணாடிகளில் மாடல் வருஷமும், விலையும், எலுமிச்சம்பழமும் மிளகாயும்தான் தொங்குகின்றன. எலுமிச்சை என்றால் அமெரிக்காவில் என்ன அர்த்தம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.